கண்ணாடிக்கடையில் சொன்ன வேணாம்

1

சனிக்கிழமைகளில் நான் தமிழ்க்கடைக்குப் போவேன். சுவிஸில் நான் இருக்கிற ஊரில் ஒரே ஒரு தமிழ்க்கடைதான், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம். தனி ஆளுக்கு வாங்குவதற்கு அதிகம் இருக்காது. ஒரு கட்டுக் கீரை, கொஞ்சம் செத்தல் மிளகாய், சில நேரம் பெட்டியில் வருகிற உறைந்த மீன். சாமான் வாங்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேனே தவிர, யாராவது தமிழ் பேசுவதைக் கேட்கத்தான் போகிறேன். நான் பேசுவது குறைவு. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன சனிக்கிழமை கடைக்காரரும் களுவாஞ்சிகுடிக்காரர் ஒருவரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் எங்கள் மாவட்டத்து ஆட்கள்தான். சண்டை, மட்டக்களப்பில் ஆற்றோரம் புதிதாக வந்திருக்கிற பெரிய சாப்பாட்டுக்கடையைப் பற்றி. அதற்கு இங்கிலிஷில் ஒரு பெயர் உண்டு. சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதால் ஊரில் எல்லோரும் அதைக் கண்ணாடிக்கடை என்றுதான் சொல்கிறார்கள்.

"நண்டுக்குப் பக்கத்தில ரெண்டு இலையும் ஒரு பூவும். ஆட்டுக்கா போடுறானுகள்?" என்றார் களுவாஞ்சிகுடிக்காரர்.

"உமக்கு வாளியோட கொண்டுவந்து வைக்கணும். அது ஆறுதலா ருசிச்சுத் தின்னுற இடம் ஓய்."

"ஆறுதலாத்தான் தின்னணும். கெதியாத் தின்னா ஒரு வாயில முடிஞ்சிருமே!"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் கடைக்காரர் என்னைக் கண்டார். "அண்ணன், நீங்க ஊருக்குப் போன நேரம் அங்க போனீங்களாமே. சொல்லுங்க, நல்லமா, கூடாதா?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. "பறவாயில்ல," என்றேன்.

"பறவாயில்ல எண்டா? எந்தப் பக்கம்?"

கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உன் தங்கச்சி சுகமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கண்ணாடிக்கடையைப் பற்றித்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. தாளில் என்றால் ஒருவரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நீங்கள் வாசியுங்கள்.

2

இங்கே ஏரிக்கரையில் ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறது. அதன் குசினியில் பாத்திரம் கழுவுகிறேன். வந்த காலத்திலிருந்து அதே வேலை, அதே மூலை. சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகச் சாப்பாட்டுக் கோப்பைகள் உள்ளே வரும். ஆட்களைக் காண மாட்டேன். அவர்கள் மிச்சம் விட்டதைத்தான் காண்பேன். அந்த ஜன்னலுக்கு மற்றப் பக்கத்தில் போய் இருந்து நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை.

அந்த ஹோட்டலை விற்றுவிட்டார்கள். வருகிற வருஷம் இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். இளம் ஆட்களுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்கிறார்கள். என் வயதுக்காரரைக் கூப்பிட்டுத் தோளில் தட்டி, மெதுவான குரலில் நன்றி சொல்கிறார்கள். மெதுவான குரல் வந்தாலே விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

நகரசபைக் கந்தோருக்குப் போனேன். ஊரோடு போவதென்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க நினைத்தேன். என் ஜெர்மன் குசினி ஜெர்மன். கெதியாக, சூடு, கத்தி கவனம், உடைந்துவிட்டது என்பதெல்லாம் தெரியும். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்: "லீவுக்குப் போகிறீர்களா, ஒரேயடியாகப் போகிறீர்களா?"

"இருக்கலாம்," என்றேன்.

அவள் நல்ல பிள்ளை. சிரிக்காமல் சொன்னாள்: "ஒரேயடியாகப் போனால் திரும்பி வருவது கஷ்டம். இருக்கலாம் என்பதற்கு இந்தக் கம்பியூட்டரில் இடமில்லை. நன்றாக யோசித்துவிட்டு வாருங்கள்."

என் மகள் செரின் வேறு நகரத்தில் இருக்கிறாள். இந்த நாட்டுப் பையன் ஒருவனோடு. நல்லவன், என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். செரின் என்னோடு தமிழில்தான் பேசுவாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருக்கிறவனுக்கு ஜெர்மனில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். என்னவென்று கேட்டால், "ஒண்டுமில்லப்பா" என்பாள். அந்த ஒண்டுமில்லைக்குள் இப்போது நிறைய இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இனி எழுதப் போவது தெரியும். மற்ற ஊர்க்காரர் வாசித்தால் விளங்க வேண்டும் என்று எழுதுகிறேன். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் கட்டிப் பெண்சாதியின் வீட்டுக்குப் போவான். அம்மாவின் வீடு தங்கச்சி ரெஜினாவுக்குப் போனது. நான் கலியாணம் கட்டியது கதிரவெளியில். அங்கே என் மனைவிக்கென்று ஒரு கல்வீடு இருந்தது. பிறகு நாங்கள் இங்கே வந்துவிட்டோம். அவள் இங்கேயே காலமாகிவிட்டாள். அந்த வீட்டில் இப்போது அவளுடைய தங்கச்சியின் மகள் குடும்பமாக இருக்கிறாள். யாரிலும் பிழையில்லை. எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளைக்குத் தாயின் வீடு, பெண்சாதியின் வீடு, மகளின் வீடு என்று உண்டு. அவனுடைய வீடு என்று இல்லை. மனைவி உயிரோடு இருக்கும்வரை இது எனக்கு உறைத்ததே கிடையாது.

மகளின் வீட்டுக்கு லிப்டில் ஏழாம் மாடிக்குப் போக வேண்டும். அங்கே எனக்கு ஒரு கதிரை உண்டு. அதற்கு மேல் இல்லை. மிச்சம் இருப்பவள் ரெஜினா ஒருத்திதான். லீவு எடுத்தபோது எல்லோரிடமும், அம்மாவின் ஆண்டுப் பூசைக்குப் போகிறேன் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் நான் போனது ரெஜினாவிடம் ஒன்று கேட்க. நான் வந்து உங்களோடு இருக்கட்டா என்று கேட்க.

3

ரெஜினாவின் வீடு அமிர்தகழிக்குப் போகிற வழியில். போய் இறங்கிய அன்றே, வந்தவர்கள் எல்லோரும் ஒரே இரண்டு கேள்விதான் கேட்டார்கள். எப்ப வந்த? எப்ப போற? முதல் கேள்விக்கு மறுமொழி சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும்.

ரெஜினாவின் மகள் டிலானிக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. வீடு அவளுக்கு. ரெஜினாவும் புருஷன் பிரான்சிசும் பின்வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டிப் போகப் போகிறார்கள். முருங்கைக்குப் பக்கத்தில் ஆப்பு அடித்துக் கயிறு கட்டி இடம் அளந்திருந்தார்கள். ஒவ்வொரு காலையும் பல் தீட்டிக்கொண்டே போய் அந்தக் கயிற்றைப் பார்ப்பேன். ஒரு அறை, ஒரு அடுக்களை. மேற்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு என்றாலும் இருந்தது.

ஆனால் அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு எனக்குக் கேட்க வாய் வரவில்லை. பிரான்சிஸ் தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டுப் படியில் இருப்பார். ரெஜினா மீனின் நடுத்துண்டை எனக்கு வைப்பாள். விருந்தாளியாக இருந்து நடுத்துண்டைத் தின்றுகொண்டே, நான் போகாமல் இருக்கட்டா என்று எப்படிக் கேட்பது? அம்மாவின் வீட்டில் பங்கு கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டால்?

அப்போதுதான் கண்ணாடிக்கடை ஞாபகம் வந்தது. எங்கள் ஒருவருடைய வீடும் இல்லாத இடம். அங்கே ஒரு பொழுதுக்கு நான்தான் அழைத்தவன், அவர்கள் விருந்தாளிகள். அப்படி ஒரு இடத்தில் கேட்கலாம் என்று பட்டது.

செரினுக்குப் போன் பண்ணி மேசை பிடிக்கச் சொன்னேன். அவள் போனில் எதையோ பார்த்துச் சிரித்தாள். "அப்பா, பாதிப் பேர் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க. பாதிப் பேர் ஒரு ஸ்டார். நடுவில ஒருத்தரும் இல்ல. நீங்க போய் நடுவில ஒண்டு போடுங்க."

ரெஜினாவின் வீட்டுக்குள்ளும் அதே கதைதான். நான் விஷயத்தைச் சொன்னதும் டிலானி குதித்தாள். "மாமா, என்ட பிரெண்ட்ஸ் எல்லாம் போய்ட்டாங்க. நான்தான் போகல்ல."

"அவங்கட சோறு அவங்களோட இரிக்கட்டும்," என்றார் பிரான்சிஸ். அவருக்கு ஒரு தோணி இருக்கிறது. முன்பு அந்தக் கடை இருக்கிற கரையில்தான் கட்டுவார். கடைக்கு வேலி போட்டதும் தோணியை எங்கேயோ தூரத்தில் கொண்டுபோய்க் கட்ட வேண்டியதாகிவிட்டது. "வேலிக்கு இஞ்சால நிண்டு மீன் விக்கிறம். வேலிக்கு அங்கால போய் அதையே காசு குடுத்துத் தின்னுறதா?"

"வேலைக்குப் புள்ளயள எடுத்திருக்காங்கதானே. நாலு புள்ளயள் பிழைக்கிது," என்றாள் ரெஜினா. "அண்ணன் ஆசையாக் கூப்பிடுறார். வாங்களன்."

"மச்சான் ஆசையாக் கூப்பிடுறார் எண்டா, ஏதோ விஷயம் இரிக்கு," என்றார் பிரான்சிஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

4

வெளிச்சம் இருக்கும்போதே போனோம். பிரான்சிஸ் பூசைக்குப் போடுகிற நீளக் காற்சட்டை போட்டிருந்தார். கறுப்பு உடுப்புப் பையன் ஒருவன் கதவைத் திறந்து, எங்களுக்கு முன்னால் நடந்து, ஆற்றைப் பார்த்த மேசையில் இருத்தினான். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கண்ணாடிக்கு வெளியே அது ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது. காற்றும் இல்லை, மணமும் இல்லை.

உள்ளே ஏசி. ரெஜினா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். "இதென்ன அண்ணன், ஐஸ்பெட்டிக்குள்ள மீனை வச்ச மாதிரி எங்கள வச்சிரிக்காங்க."

பிரான்சிஸ் கரையை அளக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் பார்த்தார். "இந்த இடம்தான். இந்த மேசைக்குக் கீழதான் என்ட தோணி நிண்ட."

"அப்ப காலைத் தூக்கி வைங்க, நனைஞ்சிரும்," என்றாள் ரெஜினா. பிரான்சிசுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

குசினிக் கதவு எனக்குப் பின்னால் இருந்தது. அது திறக்கும்போதெல்லாம் கோப்பைகள் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது. உள்ளே என்னைப் போல ஒருவன் நிற்கிறான். அவனுக்கு இன்றைக்கு வேலை கூட. என் காது அங்கேயே போய்க்கொண்டிருந்தது. முதலில் வந்த சாப்பாடு முடிந்ததும் என்னையறியாமல் நாலு கோப்பையையும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, கரண்டிகளை மேலே வைத்து, கடுதாசித் துண்டால் மேசையையும் துடைத்துவிட்டேன். பையன் ஓடி வந்தான். "விடுங்க சேர், விடுங்க சேர்."

"மாமா, அவங்க எடுப்பாங்க," என்று டிலானி மெதுவாகச் சொன்னாள். பக்கத்து மேசையில் பார்க்கிறார்களா என்று பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

நண்டு வந்தது. வெள்ளைக் கிண்ணத்தில், ஓடு எல்லாம் கழற்றி, சதை மட்டும் ஒரு பிடி. அதற்கு மேல் முருங்கையிலைச் சாறு நுரையாக நின்றது. பிரான்சிஸ் கரண்டியால் நுரையை விலக்கிப் பார்த்தார்.

"நண்டைக் காணல்ல. நண்டுர ஆவிதான் இரிக்கு."

"அப்பா, மெதுவாப் பேசுங்க."

கடையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ருசியாகத்தான் இருந்தது. நண்டு எங்கள் ஆற்று நண்டுதான். உறைப்பும் புளியும் சரி. ஆனால் கடிக்க ஓடு இல்லாமல், உறிஞ்சக் கால் இல்லாமல், நண்டு தின்கிறோம் என்கிற நினைப்பு வருவதற்குள் முடிந்துவிட்டது. எவ்வளவு காசு என்று எழுத மாட்டேன். அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

அதற்குப் பிறகு மண்சட்டியில் இறால் போட்ட சோறு வந்தது. பையன் மூடியைத் திறந்ததும் ஆவி எழும்பியது. ஆளுக்கு ஒரு அகப்பை வைத்தான். அது முடிந்ததும் திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கவா சேர்?" என்று கேட்டான்.

"வேணாம் தம்பி," என்றார் பிரான்சிஸ்.

"ஐயோ, போதும்," என்றாள் ரெஜினா.

"வேணாம்," என்றேன் நான்.

பையன் தலையைச் சரித்துவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். சட்டியில் பாதிச் சோறு கிடந்தது. நாங்கள் அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கொண்டு போறானே!" என்றாள் ரெஜினா.

"நீதானே போதும் எண்ட."

"சும்மா சொன்ன நான்! இன்னொருக்காக் கேக்க வேணாமா? யார்ர புள்ள இவன்?"

டிலானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா, இஞ்ச ஒருக்காத்தான் கேப்பாங்க. வேணாம் எண்டா வேணாம்."

நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் முதல் முதலாக வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். எங்கள் பக்கத்தில் முதல் வேணாம் மரியாதைக்கு. இரண்டாவது வேணாம், கேட்கிறவருக்கு உண்மையிலேயே விருப்பமா என்று பார்க்க. மூன்றாவது தரம் கோப்பைக்கு மேல் கையை வைப்போம், ஆனால் விரலை விரித்து வைப்போம். சுவிசுக்கு வந்த புதிதில் ஹோட்டலில் இத்தாலிக்காரச் சமையல்காரர் ஒருவர், வேலைக்காரருக்கான சாப்பாட்டைப் போடும்போது, இன்னும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சட்டியை மூடிவிட்டார். அப்படிப் பல நாள் அரை வயிற்றோடு நின்று வேலை செய்தேன். கேட்ட உடனே ஓம் என்று சொல்வதை, ஒரு தொழிலைப் பழகுகிற மாதிரிப் பழக வேண்டியிருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் அதை மறந்துவிடுவேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"ரெஜினா, எங்கட ஹோட்டலை மூடப் போறாங்க."

அவள் கரண்டியை வைத்தாள். "என்ன அண்ணன் சொல்றீங்க? அப்ப உங்கட வேல?"

"இல்ல. வாற வருஷத்தோட சரி."

"அப்ப என்ன செய்யப் போறீங்க? செரினோடயா?"

"அவளுக்கு அவள்ர வீடு இரிக்கு புள்ள."

ரெஜினா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். "அப்ப இஞ்ச வந்து எங்களோட இரிங்களன் அண்ணன்."

அந்தப் பேச்சைத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து நான் சுமந்துகொண்டு வந்தேன். நான் கேட்கவே தேவைப்படவில்லை. அவளாகவே சொல்லிவிட்டாள்.

"வேணாம் புள்ள. உங்களுக்கு ஏன் கரைச்சல்," என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. என் வாய் சொன்னது. சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தேன். வெளியே இருட்டிவிட்டிருந்தது; கண்ணாடியில் எங்கள் நாலு பேருடைய உருவமும் தெரிந்தது. ரெஜினாவின் உருவம் வாயைத் திறக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரான்சிஸ் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "மச்சானுக்கு அங்கத்தக் குளிர்தான் பழகிட்டு. இஞ்சத்த வெக்கை ஏலாது," என்றார்.

ரெஜினா சேலைத் தலைப்பை இன்னும் இழுத்துத் தோளை மூடினாள். பையன் எருமைத் தயிரில் ஏதோ செய்து கொண்டுவந்து வைத்தான்.

5

ஆட்டோவில் திரும்பும்போது டிலானி, "சூப்பர் மாமா, அந்த நுரை சூப்பர்," என்றாள். கடைக்கே வர மாட்டேன் என்று நின்ற பிரான்சிஸ், "கடை மோசமில்ல. நண்டைக் கெடுக்கல்ல அவனுகள்," என்றார். வேலிக்காரருக்கு எதிராக அவ்வளவு பேசியவரே சொன்னது எல்லோருக்கும் ஆச்சரியம்.

"எனக்குப் பசிக்கிது," என்றாள் ரெஜினா.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் மத்தியானச் சோற்றையும் திரளி மீன் கறியையும் சூடாக்கினாள். எனக்கு வேணாம் என்றேன். காதில் விழாத மாதிரிக் கோப்பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். கையை வைத்து மறைத்தேன்.

"பேசாமத் தின்னுங்க," என்று கையை விலக்கிவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

நான் தின்றேன். சோற்றுக்குச் சொன்ன வேணாமை அவள் கணக்கில் எடுக்கவில்லை. கடையில் சொன்ன வேணாமை மட்டும் ஏன் எடுத்தாள் என்று, முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டே யோசித்தேன்.

6

இருந்த மிச்ச நாளெல்லாம் அவள் இரண்டாம் தரம் கேட்பாள் என்று பார்த்தேன். தேங்காய் துருவுகிறபோது பக்கத்தில் போய் நின்றேன். ஆண்டுப் பூசைக்குப் போகிற வழியில், பின்வளவு வீட்டைப் பற்றி நானாகவே பேச்சு எடுத்தேன். "ஒரு அறை உங்களுக்குக் காணுமா?" என்றும் கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு பேருக்கு எவ்வளவு வேணும் அண்ணன்," என்றாள். வெளிக்கிடுகிற அன்று, கருவாட்டை நாலு பையால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். வான் வண்டிக்குள் நான் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்ப எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். அது வேறு கேள்வி.

இங்கே வந்த பிறகு செரின் ஒரு பின்னேரம் வந்தாள். "அப்பா, எத்தின ஸ்டார் போடட்டும்?" என்று போனை எடுத்தாள். அவளுக்கு நடந்ததைச் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கவனமாகக் கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"ஆனா அப்பா, மாமி கேட்டாங்கதானே. நீங்கதானே நோ சொன்னீங்க."

"அது நோ இல்ல மகள்."

"நோ இல்லாட்டி ஏன் நோ சொன்னீங்க?"

மரியாதைக்கு வேணாம் சொல்வதை அவளுக்கு நான் பழக்கவில்லை. பழக்கியிருந்தால் இந்த நாட்டில் அவள் பட்டினி கிடந்திருப்பாள். போகும்போது கதவில் நின்று, "விருப்பம் எண்டா போன் பண்ணிச் சொல்லுங்க அப்பா, சிம்பிள்," என்றாள். எனக்குச் சாப்பிட ஏதோ வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை எனக்கு லீவு. இங்கே மத்தியானம், அங்கே பின்னேரம். ரெஜினாவுக்கு எடுத்தேன். அவள் மேசனைப் பற்றி, சீமெந்தைப் பற்றி, டிலானியின் சேலையைப் பற்றிச் சொன்னாள். அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார்களாம். நான் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தேன். சொல்ல நினைத்ததை ஒரு மூச்சில் சொன்னேன்.

"ரெஜினா, அண்டைக்கு அந்தக் கடையில ஒண்டு கேட்டியே."

"என்ன கேட்ட நான்?"

"வந்து இரிக்கச் சொல்லி."

"நீங்கதானே வேணாம் எண்ட," என்றாள்.

"ஓம். எண்டன்."

அவள் எழுந்து நடக்கிறது கேட்டது. வாசலை விட்டுப் பின்வளவுப் பக்கம் போகிறாள் என்று விளங்கியது. குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும் அண்ணன். தெரிஞ்சுதான் ரெண்டாம் தரம் கேக்கல்ல."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கேட்டா ஓம் எண்டுருவீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?" என்றாள். "அவருக்கும் போக வேற இடம் இல்ல அண்ணன். அவர்ர அம்மாட வீடு அவர்ர அக்காக்குப் போயிட்டு. நாளைக்கு மருமகன் வந்தா, முன்வாசலால நடக்கவே அவர் யோசிப்பார். அந்தப் பின்வளவு அறை ஒண்டுதான் அவருக்கு. அதுக்குள்ளயும் இன்னொரு ஆளை வச்சா... எப்பிடி நான் அவருக்குச் சொல்ற?"

கடையில் பிரான்சிஸ் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் என்னோடு பகையாக இருந்து துடைக்கவில்லை. என்னைப் போலவே போக வேறு இடமில்லாத ஆளாக இருந்து துடைத்திருக்கிறார்.

ரெஜினா மூக்கை உறிஞ்சினாள். "கோவமா அண்ணன்?"

"இல்ல புள்ள. அழாத. அத்திவாரத்தை ஆழமா வெட்டச் சொல்லு. மாரிக்கு அந்தப் பக்கம் தண்ணி நிக்கும்."

"சொல்றன்."

அதற்குப் பிறகும் அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அங்கே மண்வெட்டி மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.